துறை வாசலில் நீலப் படங்கு

காலை எட்டு ஐம்பதுக்கு நான் முதலில் கண்டது ஒரு நீலப் படங்கை. அரசியல், பொதுநிருவாகத் துறையின் நேர்முக அறைக்குக் கதவு இல்லை. சுனாமி நிவாரணத்தில் மிஞ்சிய தார்ப்பாய்ப் படங்கைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவி ஒன்றே ஒன்று. அது கிடைக்காவிட்டால் அப்பா பார்த்துவைத்த கனடா மாப்பிள்ளைக்கு நான் ஓம் சொல்ல வேண்டும். (அவர் அனுப்பிய படத்தில் காரின் முகம்தான் தெளிவாக விழுந்திருந்தது.)

யுத்தம் முடியாத காலம். எங்கள் ஊர் வெல்லாவெளியிலிருந்து பல்கலைக்கழக வளாகத்துக்கு வர வாவியையும் கடக்க வேண்டும், சோதனைச்சாவடிகளையும் கடக்க வேண்டும். ஆண்களை வெளியே வரிசையில் வைத்துச் சோதிப்பார்கள். பெண்களை இதே போன்ற நீலப் படங்குக்குப் பின்னால். உள்ளே போனதும் அடையாள அட்டையை நீட்டி, பையைத் திறந்து, சோற்றுப் பார்சலையும் அவிழ்த்துவைத்து, கைகளை விரித்து நிற்க வேண்டும். எங்கே பயணம் என்றால் ஆஸ்பத்திரி என்பதே பாதுகாப்பான பதில். (எங்கள் வாக்குமூலங்களின்படி மாவட்டமே நோயில் கிடந்தது.)

பெயர் கூப்பிட்டார்கள். மூளை வரைவிலக்கணங்களை ஒப்புவித்துக்கொண்டிருக்க, கால்கள் படங்குக்குள் போயின. மேசைக்குப் பின்னால் மூவர். அடையாள அட்டையை நீட்டினேன். பையைத் திறந்து, சோற்றுப் பார்சலை எடுத்து, கட்டை அவிழ்த்தும் வைத்தேன். பிறகு கைகளை விரித்து நின்றேன். அறை முழுக்க மீன் குழம்பு மணந்தது.

துறைத்தலைவர் சோற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கயிருந்து வாறீங்க புள்ள?"

"வெல்லாவெளி சேர். ஆஸ்பத்திரிக்குப் போறன்."

"என்ன வருத்தம், காய்ச்சலா?"

அப்போதுதான் கரும்பலகை என் கண்ணில் பட்டது. அதில் என் மாதிரி விரிவுரையின் தலைப்பு: குடிமகனும் அரசும்.

பக்கத்திலிருந்த பெண் விரிவுரையாளர், "கையக் கீழ போடுங்க புள்ள, நோகும்" என்றார்.

விரிவுரையும் நடந்தது. முதல் வசனத்தைச் சொன்னேன். அதன்பின் சொன்னதெல்லாம் அதே வசனம்தான்.

இதையெல்லாம் படங்கின் கிழிசல் வழியாக ஒருவர் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடுத்த விண்ணப்பதாரர், களுவாஞ்சிகுடிக்காரர், நெட்டையர். ஆண் என்பதால் படங்குக்குப் பின்னால் ஒருநாளும் போகாதவர். இங்கே முறை இதுதான் என்று முடிவுகட்டிவிட்டார். கையைக் கீழே போடச் சொன்னதும் சோதனை முடிந்ததன் அடையாளமாகவே அவருக்குப் பட்டது. உள்ளே போனார். அட்டை, பை, பார்சல், விரித்த கைகள். அவருடையது இடியப்பம்.

துறைத்தலைவர் மற்ற இருவரிடமும் சொன்னாராம்: "முன்னால போன ஆள் செஞ்சத ஒரு கேள்வியும் கேக்காமச் செய்யிறார். பொதுநிருவாகத்துக்கு இவரத்தான் எடுக்கோணும்."

எடுத்தார்கள். நான் ஒரு பத்திரிகையில் சேர்ந்தேன். என் இடத்தைப் பிடித்ததற்கு மன்னிப்புக் கேட்க அந்த நெட்டையர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கம்பஸில் வேலை என்றதும் அப்பாவுக்குக் கனடா மறந்துபோனது. கலியாணம் முடிந்தது.

இன்றும் எனக்குக் கோபம் என்று மோப்பம்பிடித்தால், அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, கைகளை விரித்தபடிதான் நான் சமைக்கும் குசினிக்குள் வருவார். மகள் புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தாமலே கேட்பாள்: "ஆஸ்பத்திரிக்கா அப்பா?"

யுத்தம் முடிந்தபின் துறைக்குப் புதுக் கட்டடம் வந்தது. அறைகளுக்குக் கதவு போட்டிருக்கிறார்கள்.