மெட்டுத் திருடனை நான் பிடித்த கதை

ஒருவரைத் திருடன் என்று ஊரறியச் சொன்ன அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. அதுவும் வாய்வார்த்தையாக அல்ல. ஆறு பக்கம் டைப் செய்து, அட்டவணை போட்டு, மூன்று பிரதி எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டுச் சொன்னேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. அந்த வயதில் மனிதர்களுக்குக் கொஞ்சமாவது நிதானம் வந்திருக்கும் என்பார்கள். என்னைப் பார்க்காதவர்கள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

பாசிர் கூடாங்கில் போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் எனக்குக் கியூசி வேலை, அதாவது தரம் பார்ப்பது. மூடி ஒழுங்காக மூடுகிறதா, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து வருடம் இப்படிப் பார்த்தால் என்ன ஆகும் தெரியுமா? கண்ணில் படுவதெல்லாம் குறையாகவே தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனால் வாழைமரம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பேன். (அம்மா என்னைக் கல்யாணங்களுக்கு அழைத்துப் போவதையே நிறுத்தியிருந்தார்.)

ஆனால் மனசு முழுக்க இசைதான். முறையாகக் கற்றதில்லை. ஒரு மாதம் பாட்டு வகுப்புக்குப் போனேன். அதற்குள் டீச்சர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். (என்னால் இல்லை என்றுதான் நம்புகிறேன்.) அதன்பிறகு என் கைப்பேசிதான் என் குரு. தோன்றுவதை முணுமுணுத்துப் பதிவு செய்து வைப்பேன். எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. எங்காவது, ஏதாவது ஒரு பாட்டின் கீழே ‘இசை: புவனேஸ்வரி’ என்று அச்சில் வரவேண்டும். அது வராமல் நான் சாகப்போவதில்லை என்று வீட்டில் அறிவித்தும் இருந்தேன்.

எங்கள் வட்டாரக் கலைமன்றம் உள்ளூர்ப் பாடல் போட்டி ஒன்றை அறிவித்தது. தேர்வாகும் பாடலை ஜொகூர் பாருவில் நிஜமான ஸ்டூடியோவில், நிஜமான பாடகரை வைத்துப் பதிவு செய்து, பெயர் போட்டு வெளியிடுவார்களாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, மெட்டும் இறங்கவில்லை.

மூன்றாம் வாரம் இறங்கியது. விடிகாலை, வீட்டு வாசலில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். எங்கள் லோரோங் ஒரு முட்டுச்சந்து. உள்ளே பஸ் திரும்ப இடமில்லை என்பதால் பெரிய ரோட்டிலிருந்து பின்பக்கமாகவே ஊர்ந்து வரும். அது வந்து நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில், எங்கிருந்தோ ஒரு மெட்டு முழுசாக என் வாய்க்குள் வந்து உட்கார்ந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவசரமாகக் கைப்பேசியில் பதிவை அழுத்தி, பஸ் சத்தம் அடங்கியதும் முணுமுணுத்துப் பதிந்துகொண்டேன். வரியும் அன்றைக்கே கிடைத்தது: “விண்மீனே கண்ணாலே தூது கொண்டு போவாயோ”.

பஸ்ஸில் மூன்று பேரிடம் பாடிக் காட்டினேன். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: “எங்கயோ கேட்ட மாதிரியே இருக்கு புவனா!” நல்ல பாட்டு என்றால் முதல் தடவையிலேயே பழகின மாதிரி இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லி, பாட்டை அனுப்பி வைத்தேன்.

தேர்வான பத்துப் பாடல்களைக் கலைமன்றம் தன் முகநூல் பக்கத்தில் ஏற்றியது. நான்காவது என்னுடையது. வீட்டில் அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். பிறகு மற்ற பாடல்களில் என்னென்ன குறை என்று பார்க்க உட்கார்ந்தேன். (தொழில் தர்மம்.) ஏழாவது பாடல் தொடங்கியதும் கையிலிருந்த பிஸ்கட் தேத்தண்ணிக்குள் விழுந்தது.

என் மெட்டு! அப்படியே, ஒரு வளைவுகூட மாறாமல்!

பாடியவன் பெயர் தினகரன், ஊர் லாயாங் லாயாங். ஆளை எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனி ஸ்டோரில் வேலை, எங்கள் தாமான் குடியிருப்பிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். தினமும் பஸ்ஸின் கடைசி ஸீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கி வருவான். பாட்டின் கீழே அவன் எழுதியிருந்ததை நான்கு முறை படித்தேன்: “மெட்டு கொடுத்த எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நன்றி.”

என்ன நெஞ்சழுத்தம்! நான் பஸ்ஸில் முணுமுணுப்பதைத் தூங்குவதுபோல் நடித்துக் கேட்டிருக்கிறான், அதை எழுதி ஒப்புக்கொண்டும் இருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் நேராகக் கடைசி ஸீட்டுக்குப் போய் அவனை உலுக்கி எழுப்பினேன்.

“டேய், என் மெட்ட எப்படிடா எடுத்த?”

அவன் கண்ணைக் கசக்கினான். “எந்த மெட்டுக்கா?”

“ஏழாம் நம்பர் பாட்டு! உன் பாட்டு!”

“அதுவாக்கா? அது பஸ்ஸோட மெட்டுக்கா. நீங்களும் அதானே போட்டிருக்கீங்க? கேட்டேன், நல்லாருந்துச்சு.”

“பஸ்ஸோட மெட்டா? பஸ்ஸுல என் வாயிலேருந்து வந்த மெட்டுடா அது!”

“இல்லக்கா, நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். மன்றத்துல வந்து சொல்லு!”

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் சுருங்கிப் போனது. குற்ற உணர்ச்சி என்று எனக்கு நானே குறித்துக்கொண்டேன்.

அன்று மாலையே புகார் தயாரிக்கத் தொடங்கினேன். மூடிகளில் குறை கண்டால் நாங்கள் நிரப்பும் படிவம்தான் எனக்குத் தெரிந்த ஒரே இலக்கிய வடிவம். அதையே பயன்படுத்தினேன். குறையின் தன்மை: திருட்டு. அளவு: முழுமை. பதினான்கு ஒற்றுமைகளை அட்டவணையிட்டேன். ஐந்தாம் பக்கத்தில் போட்டி விதி ஏழை அப்படியே எடுத்தெழுதினேன்: பிறருடைய மெட்டைப் பயன்படுத்துவோர் அது எங்கிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும், மறைத்தால் பாடல் நீக்கப்படும். அதன் கீழே சிவப்பில் இரட்டைக் கோடு போட்டேன்.

கலைமன்றம் இரண்டு பாடல்களையும் நிறுத்தி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் விசாரணை வைத்தது.

“பசியாறிட்டுப் போ,” என்றார் அம்மா. “சண்ட போட தெம்பு வேணும்ல? ஆனா அந்தப் புள்ள மொகத்தப் பாத்தா திருடுற மாதிரியா இருக்கு?”

“தூங்குற மாதிரி இருக்கும்மா. அதான் சந்தேகமே.”

மண்டபத்தில் கலைமன்றத் தலைவரும், நடுவரான கீபோர்டு மாஸ்டரும் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் கல்யாணங்களுக்கு வாசிப்பவர்; அன்று மதியமும் ஒரு கல்யாணம் இருந்ததால் பளபளக்கும் நீலக் கோட்டோடு வந்திருந்தார். நான் சாட்சியாக எங்கள் பஸ் டிரைவர் மணியம் அண்ணனை அழைத்துப் போயிருந்தேன். வேடிக்கை பார்க்க எங்கள் பஸ் மொத்தமும் வந்திருந்தது.

தினகரன் தன் அப்பா அம்மாவோடு வந்தான். இதற்காக லாயாங் லாயாங்கிலிருந்து விடியலிலேயே கிளம்பி வந்திருக்கிறார்கள். அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. பயந்து போயிருந்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். விடுவேனா? ஃபைலைத் திறந்தேன்.

மணியம் அண்ணன் சாட்சி சொன்னார்: “இந்தப் பொண்ணு தெனமும் பாடிக்கிட்டேதாங்க வரும். எவ்ளோ சொல்லியும் நிறுத்தாது.”

பிற்பாதியை நான் கண்டுகொள்ளவில்லை. அடுத்து என் பிரம்மாஸ்திரம். மெட்டு பிறந்த அன்றே நான் செய்த பதிவு, தேதியோடு, நேரத்தோடு. அதில் முதல் இருபது விநாடி வெறும் தெருச் சத்தம் என்பதால், எப்போதும் அதைத் தாண்டித்தான் கேட்பேன். அன்றும் தாண்டப் போனேன்.

“தாண்டாத,” என்றார் மாஸ்டர். “மொதல்லேருந்து போடும்மா. வெட்டுன பதிவெல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியாது.”

“தாராளமா மாஸ்டர்,” என்றேன் மிடுக்காக. “நான் கியூசி. எங்ககிட்ட முழு சாம்பிள்தான்.” கைப்பேசியை மண்டபத்து ஸ்பீக்கரோடு இணைத்து, சத்தத்தையும் முழுசாகக் கூட்டினேன்.

முதலில் ஒரு சேவல் கூவியது. அப்புறம் பஸ்ஸின் உறுமல். “கோஸ்தான், கோஸ்தான்! மெல்ல லா!” என்று யாரோ பஸ்ஸைப் பின்னால் வரச் சொல்லும் குரல். அதோடு பஸ் பின்னால் வரும்போது ஆட்களை விலகச் சொல்லி ஒலிக்கும் மியூசிக் ஹார்ன்: டிங் டிங் டிங், டிங் டிங் டிங், டிங்டி டிங்டி டிங்டிடிங். மறுபடியும் அதே. மூன்றாம் தடவையும் அதே. இன்ஜின் நின்றது. ஹார்ன் நின்றது. ஒரே ஒரு விநாடி அமைதி. பிறகு தெய்வீகமான பரவசத்தோடு ஒரு பெண் குரல், அதே மெட்டை, அதே சுருதியில், அதே வேகத்தில் முணுமுணுக்கத் தொடங்கியது.

அந்தப் பெண் குரல் என்னுடையது.

மணியம் அண்ணன் முகமெல்லாம் பூரிப்போடு எழுந்தார். “அட, நம்ம பஸ்ஸு!”

ஐந்து வருடம், வாரத்தில் ஆறு நாள் அந்த ஹார்னைக் கேட்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டுக் காது அதை ஒரு சத்தமாகவே எண்ணுவதை விட்டிருந்தது. இசை மேலிருந்து என்மேல் இறங்குகிறது என்று நான் சிலிர்த்து நின்றபோது, அது என் முதுகுக்குப் பின்னால் டீசல் புகையோடு வந்துகொண்டிருந்திருக்கிறது.

“அலமாக்!” என்றது எங்கள் பஸ் கூட்டத்தில் ஒரு குரல். அவ்வளவுதான். மண்டபமே வெடித்துச் சிரித்தது. மாஸ்டர் தன் நீலக் கோட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்த ஹார்னுக்கு மெட்டுப் போட்டவன் யாருய்யா?” என்று மணியம் அண்ணனைக் கேட்டார்.

“தெரியலீங்க. மாசாய் டவுன்ல ஒரு கடையில வாங்கி நானே மாட்டுனேன். டப்பாவுல பேரு போடல.”

தினகரன் மட்டும் சிரிக்கவில்லை. “நான் போட்டி ஃபாரத்துலயே எழுதியிருந்தேன்க்கா,” என்றான் மெதுவாக.

தலைவர் அவசரமாகக் காகிதங்களை அடுக்கினார். “சரி லா, முடிஞ்சுது. ரெண்டு பேருக்கும் சொந்த மெட்டு இல்ல. ரெண்டு பாட்டையும் தூக்கிருவோம்.”

அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவமானத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப் போய்விடலாம் போலவும் இருந்தது. ஆனால் என் பிறவிக் குணம் என்னைவிடப் பெரியது. ஒரு தப்பான முடிவு கண்ணெதிரே நடக்கும்போது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

“ஐயா, அஞ்சாம் பக்கத்தத் திருப்புங்க,” என்றேன்.

“இன்னும் என்னம்மா?”

“விதி ஏழு. செவப்புக் கோடு போட்டிருக்கேன் பாருங்க. மெட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லிட்டா பாட்டு செல்லும். தினகரன் ஃபாரத்துலயும் சொல்லியிருக்கு, முகநூல்லயும் சொல்லியிருக்கு. அவர் பாட்ட நீக்க முடியாது. சொல்லாதது நான்தான். என் பாட்டு மட்டும்தான் நீக்கணும்.”

“ஒங்க புகாரு அவர் மேலதானேம்மா?”

“இப்ப என் மேல. புதுசா எழுதித் தரேன். படிவம் இன்னும் பாக்கி இருக்கு.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். குறையின் தன்மை: திருட்டு. குறைக்குப் பொறுப்பானவர்: புவனேஸ்வரி. கையெழுத்தும் போட்டேன். பிறகு தினகரனின் அம்மாவிடம் போய், “மன்னிச்சிருங்கம்மா, ஒங்க புள்ள திருடல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்,” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீயும் நல்லாத்தாம்மா பாடுற,” என்றார். அது என்னை இன்னும் அழ வைத்தது.

தினகரனின் பாட்டு தேர்வானது. ஸ்டூடியோவில் பதிவாகி வெளிவந்த அன்று கேட்டேன். “பின்னாலே போனாலும் வீடு வந்து சேருதே” என்று தொடங்குகிறது. வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்களின் பாட்டு. என் விண்மீனைவிட நல்ல வரிதான். (இதை நான் ஒப்புக்கொண்டதாக யாரும் அவனிடம் சொல்ல வேண்டாம்.) கீழே பெயர்கள் வந்தன. வரிகள்: தினகரன். மெட்டு: பெயர் தெரியாத ஹார்ன்காரர். அதற்குக் கீழே, நான் கேட்காமலே அவன் போட வைத்த ஒரு வரி. சரிபார்த்தவர்: புவனேஸ்வரி, கியூசி.

அச்சில் என் பெயரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்ட வேலைக்கு இல்லைதான். செய்த வேலைக்கு.

அதன்பிறகு ஜொகூரில் புதிதாக மெட்டுப் போடுகிறவர்கள், வெளியிடுவதற்கு முன் எனக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. “அக்கா, இது என்னுதுதானான்னு கேட்டுச் சொல்லுங்க.” நானும் முதல் விநாடியிலிருந்து, தாண்டாமல் கேட்கிறேன்.

என் கல்யாணத்துக்கு மணியம் அண்ணன் பஸ் நிறைய ஆட்களை ஏற்றி வந்தார். தாலி கட்டும் நேரத்தில் பஸ் பின்பக்கமாகவே ஊர்ந்து மண்டப வாசலுக்கு வந்து நிற்க, ஹார்னோடு சேர்ந்து பஸ்ஸுக்குள் இருந்த எல்லோரும் பாடினார்கள். தினகரனின் வரியை! நான் மணவறையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தேன். அம்மா தோளைப் பிடித்து அழுத்தினார். லாபிஸ் ஊர்க்காரரான என் மாப்பிள்ளை, “என்னா பாட்டு அது?” என்று கேட்டார். விளக்கிச் சொல்ல ஐயர் நேரம் கொடுக்கவில்லை.

விளக்கம் பிறகு கிடைத்துவிட்டது அவருக்கு. இப்போது அவர் காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் என் இரண்டு பிள்ளைகளும் ஜன்னலில் தலையை நீட்டிப் பாடுகிறார்கள்: “பின்னாலே போனாலும் வீடு வந்து சேருதே!” நானும் முன் ஸீட்டிலிருந்து, அவர்களைவிடச் சத்தமாக, “விண்மீனே கண்ணாலே” என்று என் வரியைப் பாடுகிறேன். இதுவரை ஒருவரும் என்னோடு சேர்ந்து பாடியதில்லை. பரவாயில்லை. இவர் இன்னும் எத்தனையோ தடவை காரைக் கோஸ்தான் எடுக்கத்தான் போகிறார்.