உன் அக்காவை அம்மன் ஆக்கிவிட்டார்கள்

செஞ்சி,
வியாழக்கிழமை

ஓசூரில் மனைவி மக்களோடு குடியிருக்கும் அன்பு மைத்துனர் ராமகிருஷ்ணனுக்கு உன் மாமா கோதண்டராமன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், எழுத வரவில்லை. அங்கு நீயும் தங்கச்சி மஞ்சுவும் பிள்ளைகளும் நலமென்றால் அதையே இரண்டு வீட்டுக்குமாக வைத்துக்கொள்வோம். போனில் சொல்லலாமே என்பாய். சொல்ல ஆரம்பித்தால் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது, உடனே நீ "மாமா, டவர் இல்லியா?" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

உன் அக்கா அமிர்தவல்லி இருந்தவரை ஏரிக்காக ஊரோடு போட்ட சண்டை உனக்குத் தெரியும். யார் ஒரு கூடை மண்ணை ஏரிக்குள் கொட்டினாலும் கரைமேல் ஏறி நின்று அவன் வம்சத்தையே இழுப்பாள். செங்கல் சூளை அரிகிருஷ்ணன் உள்ளே கொட்டகை போட்ட பிறகு அவனுக்கு அவள் வைத்த பெயரை இதில் எழுத முடியாது, மஞ்சு படிப்பாள். ஏரியை அளந்து எல்லைக்கல் நட வேண்டும், உள்ளே கட்டியதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று அவள் கொடுத்த மனு, அவள் போய்ச் சேர்ந்த பிறகு ஒருவழியாகக் கண் விழித்தது. போன மாதம் வந்து அளந்தார்கள், கல்லும் நட்டார்கள். மச்சான், கல்லுக்கு உள்பக்கம் முதலில் இருப்பது அவளுடைய சமாதி.

சுடுகாட்டில் இடம் இருந்தும், தண்ணீரைப் பார்த்தபடி இருக்கட்டும் என்று ஏரி ஓரத்தில் அவளைப் புதைத்தவன் நான். கருங்கல் மேடையும் தகரக் கூரையும் இல்லாமல் அக்கா எப்படி இருப்பாள் என்று அடம்பிடித்தவன் நீ. ஆக, ஏரியை ஆக்கிரமித்தவர்களில் முதல் பெயர் அமிர்தவல்லி. வருவாய் ஆய்வாளர் தமிழினி நோட்டீஸைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "ஐயா, அம்மா குடுத்த மனு மேலதான் வந்துருக்கோம். நீர்நிலைக்குள்ள எது கட்டியிருந்தாலும் எடுக்கணும், அதான் ரூல். அவங்கள தொடமாட்டோம், மேல இருக்கறத மட்டும்தான்" என்றாள். நல்லா இரும்மா என்றேன்.

அன்று சாயங்காலமே அரிகிருஷ்ணன் மாலையும் தேங்காயுமாக வந்து நின்றான். "அண்ணிய இடிக்க வுட்ருவமாண்ணா? சமாதின்னாதான் இடிப்பாங்க. கோயிலுன்னா எவன் கை வைப்பான்?" நான் வாயைத் திறப்பதற்குள் மேடைக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சிவப்புப் பாவாடை கட்டி, சூலமும் நட்டுவிட்டார்கள். ஏரிக்கரை அமிர்தவல்லியம்மனாம். ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ்ஸை மறித்துக் கூழ் ஊற்றினார்கள். ரேடியோ சத்தத்துக்கே தலையில் துண்டைக் கட்டிக்கொள்வாளே, அவள் தலைமாட்டில் மைக்செட். அத்தோடு விட்டார்களா, அரிகிருஷ்ணனுக்கு அருள் வந்துவிட்டது. "எம் புள்ளைங்க கொட்டாய எவனும் தொடக்கூடாது!" என்று உன் அக்காவாக நின்று ஆடினான். அவள் அவனைப் பிள்ளை என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

ஆனாலும் மச்சான், நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். காலையில் டீ குடித்துவிட்டு அந்தக் கூரைக்கடியில் உட்கார்ந்து, கரண்ட் போனது, ரேஷனில் பருப்பு வராதது, குழம்பில் உப்பு கூடிப்போனது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னால்தான் எனக்குப் பொழுது விடிகிறது. அதையும் எடுத்துவிட்டால் நான் யாரிடம் போய்ப் பேசுவேன்? எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். புதன்கிழமை இடிக்க வருகிறார்கள். அதற்குள் நீ வந்து, இது உங்கள் வீட்டுக் குலதெய்வம், பாட்டன் காலத்திலிருந்து இங்கேயே இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டால் நிறுத்திவிடலாம் என்கிறான் அரிகிருஷ்ணன். உன் தலையில் குட்டி வளர்த்தவளைப் பாட்டன் காலத்து அம்மன் என்று சொல்ல உனக்குச் சிரிப்பு வரும். சிரிக்காமல் போடு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். அம்மன் அருளால், சீ, அக்காவின் ஆசியால் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

உன் மாமா,
கோதண்டராமன்

பின்குறிப்பு: தபாலாபீசுக்குப் போகிற வழியில் அவளைப் பார்க்கப் போனேன். மேடைக்கும் தண்ணீருக்கும் நடுவில் டிராக்டர் மண் கொட்டிக்கொண்டிருந்தது. "இன்னாடா இது?" என்றேன். "மண்டபம் கட்டப்போறோம்ணா. அம்மன் எடம், எவனும் கேக்கமாட்டான்" என்றான் அரிகிருஷ்ணன். வழக்கம்போல அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஏரி தெரியவில்லை மச்சான். மண்மேடுதான் தெரிந்தது.

நேரே தாலுகா ஆபீசுக்குப் போய்த் தமிழினியிடம் சொல்லிவிட்டேன். "அது கோயில் இல்லம்மா, எம் பொண்டாட்டி. மொதல்ல அத எடுங்க. அப்புறம் எவனும் வாய தொறக்க முடியாது." அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

கையெழுத்துப் போட வராதே. ஆனால் புதன்கிழமைக்குள் வா. கருங்கல் மேடையை எடுத்து, மழையும் பெய்து ஏரி ஏறிவிட்டால் அவள் இருக்கும் இடம் தெரியாது. கோட்டை மலை ராஜகிரியின் உச்சிக்கு நேராக நிறுத்திக் காட்டுகிறேன், நன்றாகப் பார்த்து வைத்துக்கொள். எனக்கு மறதி வந்துகொண்டிருக்கிறது. அந்த இடம் தெரிந்தவன் இன்னொருவன் இருக்கட்டும்.