ஜன்னல் வழியாக வந்த ஏணிமீன்

இனி ஒரு ரெக்கார்டுகூட இந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வராது என்று என் வீட்டுக்காரிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். நான் சொன்ன சொல் தவறாதவன். அது வாசற்படியைத் தாண்டி வரவில்லை. ஜன்னல் வழியாக வந்தது.

சத்தியம் வாங்கும்படி ஆனதற்குக் காரணமே அந்த ஜன்னல்தான். எங்கள் வீட்டில் வெளிச்சம் விழுகிற அறை ஒன்றே ஒன்று, தெருப்பக்கத்து முன்னறை. அதில் என் ரெக்கார்டுகள் இருக்கின்றன. மிச்சம் இருக்கிற இடத்தில் நான் இருக்கிறேன். அவள் துணி தைக்கிறவள். அவளுடைய மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில், நடையில் கிடக்கிறது. பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் அங்கே ஊசியில் நூல் கோக்க முடியும். கறுப்புத் துணி, கறுப்பு நூல் என்றால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தைப்பாள். ஆக, வீட்டில் இரண்டு ஊசி. ஒன்று இருட்டில் சம்பாதிக்கிறது. ஒன்று வெளிச்சத்தில் பாடுகிறது. நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவளே நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கடைசியில் ஒரு நாள் அவள் தீர்ப்பு சொன்னாள். "இருக்கறதோட நிறுத்திக்கங்க, ரூம் உங்களுக்கு. இன்னும் ஒண்ணு வந்துச்சு, ரூம் எனக்கு."

நான் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அந்தக் கை ரெக்கார்டு துடைக்கிற துணியைப் பிடித்திருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்தால் நான் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் லிப்ட் பழுது பார்க்கிறவன். அன்றைக்கு ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ரெக்கார்டுக்கடைத் தாடிக்காரர். ஏணிமீன் வந்து ஐம்பது வருஷம் ஆகிறதாம், அதற்காகப் புதிதாக அச்சடித்திருக்கிறார்களாம், பழைய டேப்பையெல்லாம் தூசி தட்டிச் சுத்தம் செய்து, கனமான தட்டில், கண்ணாடி மாதிரி கேட்கிறதாம். உங்களுக்கென்று ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன் அண்ணே என்றார். அதற்கப்புறம் நான் என்ன வேலை பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. அந்த லிப்டில் நாலாம் மாடிக்கு அழுத்தினால் ஆறாம் மாடிக்குப் போகிறது என்று மறுநாள் புகார் வந்தது.

ஏணிமீன் என்பது நான் வைத்த பெயர். அட்டையில் ஒரு மீன் ஏணியில் ஏறிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டால், பாடுகிறவன் வாயைத் திறப்பதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். இந்த வகைக்குப் புரோகிரசிவ் ராக் என்று பேராம், அப்படியென்றால் முன்னேறுகிற பாட்டாம். தாடிக்காரர் சொன்னார். எனக்குப் படிப்பு கிடையாது. லிப்டுக்குள் பொத்தான்மேல் எழுதியிருக்கிற அளவுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். மேலே, கீழே, திற, மூடு. இந்தப் பாட்டும் மேலே போகும், கீழே வரும், நடுவழியில் நிற்கும், திடீரென்று கதவு திறந்து வெளிச்சம் கொட்டும். இதுகூடப் புரியாவிட்டால் நான் என்ன லிப்ட்காரன்?

அவளுக்கு அது பிடிக்காது. தாளம் ஏழில் வரும். "ஆறுல நிக்கலாம், எட்டுல நிக்கலாம். இவங்க ரெண்டுக்கும் நடுவுல தடுக்கி விழுறாங்க. விழுந்ததுக்குக் கைதட்டு வேற" என்பாள்.

திட்டம் போட்டேன். புதுத் தட்டைப் பழைய அட்டைக்குள் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? எண்ணிக்கை மாறாது. பழைய தட்டையும் புது அட்டையையும் பக்கத்து வீட்டில் ஒளித்து வைப்பது. பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர், ரொம்ப நாணயமானவர். "பொய் சொல்ல வராது அண்ணே. பாக்காம இருக்கச் சொல்லுங்க, இருக்கறேன்" என்றார். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிற மனிதர் எனக்காகப் பார்க்காமல் இருக்கச் சம்மதித்தார். கடையில் வாங்கினதை நேராக அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் ஜன்னல் கம்பி வழியாகப் பொட்டலம் சாய்ந்து சாய்ந்து உள்ளே வந்தது. மாற்ற வேண்டியதை மாற்றினேன், திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். அவள் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது, செய்யாத குற்றத்துக்குக்கூட வருந்துகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் தட்டைப் போட்டேன்.

என்ன சொல்ல. ஐம்பது வருஷமாகப் போர்வைக்கு அடியில் வாசித்துக்கொண்டிருந்த ஐந்து பேர் எழுந்து உட்கார்ந்து போர்வையை விலக்கின மாதிரி இருந்தது. ஆர்கன்காரன் விரல் எடுக்கிற சத்தம் கேட்டது. பாடுகிறவன் மூச்சு வாங்குவது கேட்டது. நடையில் அவளுடைய மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு மேலே ஏறியது, இன்னும் ஏறியது, பாடுகிறவன் 'ஓவர்' என்கிற இடத்துக்கு வரப் போனான்.

கண் தானாகத் திறந்துகொண்டது.

பழைய தட்டில் அந்த இடத்தில் ஒரு கீறல். வீடு மாறினபோது விழுந்தது. ஊசி அங்கே வந்தால் மாட்டிக்கொள்ளும். 'ஓவர், ஓவர், ஓவர்' என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பான். எங்கள் வீட்டுத் தரை மரப்பலகை. அவள் இருந்த இடத்திலிருந்தே குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவாள். ஊசி ஒரு துள்ளு துள்ளிக் கீறலைத் தாண்டும், பாட்டு மேலே போகும். நான் எழுந்திருப்பதும் இல்லை, அவள் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. வருஷக்கணக்காக இதுதான் வழக்கம். எங்கள் மகள் கல்யாணமாகிப் போன பிறகு யாரோ வீட்டில் இந்தப் பாட்டைப் போட்டார்களாம், அந்த இடத்தில் மகள் தன்னையறியாமல் காலைத் தட்ட, கீழ்வீட்டுக்காரர்கள் ஏறி வந்து என்ன சண்டை என்று விசாரித்தார்களாம். அப்படி ஊறிப்போன விஷயம். புதுத் தட்டு வாங்குகிற ஜோரில் கீறலை மறந்தே போய்விட்டேன்.

'ஓவர்' என்றான். ஒரே ஒரு தடவை. வழுக்கிக்கொண்டு மேலே போய்விட்டான்.

மாட்டிக்கொண்ட மாதிரி அவளுக்குக் கேட்கட்டும் என்று பாய்ந்து போய் ஊசியைத் தூக்கி, அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தேன். 'ஓவர்' என்றான். மறுபடி தூக்கினேன், வைத்தேன். 'ஓவர்.' தூக்கினேன், வைத்தேன். 'ஓவர்.' குதிகால் சத்தம் வரும், வந்தால் விட்டுவிடலாம் என்று பார்த்தால் வரக் காணோம். நானும் விடாமல் தூக்கித் தூக்கி வைக்கிறேன். நெற்றி வியர்வை தட்டில் சொட்டிவிடக் கூடாதே என்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வைக்கிறேன். மெஷின் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

பின்னால் கதவுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஏங்க, தட்டு மாட்டிக்கிச்சா, நீங்க மாட்டிக்கிட்டீங்களா?"

இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்குக் கயிறு மாதிரி தெரிந்தது.

வாயில் வந்ததை எடுத்து விட்டேன். இது புதுசே இல்லை, மறுபடி அச்சடித்தது. அதே பாட்டு, அதே ஆட்கள், அதே மீன், அதே ஏணி. கீறல் விழுந்த தட்டுக்குப் பதில் தட்டு. இதை இன்னொரு ரெக்கார்டு என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்ல முடியாது. பழசு இந்த வீட்டிலேயே இல்லை.

"அப்ப அது எங்க இருக்கு?"

என் கண் என்னைக் கேட்காமல் ஜன்னலுக்குப் போயிற்று. அவளும் அந்தப் பக்கம் திரும்பி, "தம்பி, அந்த அட்டையக் குடுங்க" என்றாள். அடுத்த நொடி புது அட்டை கம்பி வழியாக உள்ளே நீண்டது. கண்ணாடிக்கடைக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தார்.

அறை போயிற்று என்று நினைத்தேன். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஆமா, அதேதான். ஒண்ணுக்குப் பதிலா ஒண்ணு. சத்தியம் மீறல" என்றாள். எனக்கு என் காதையே நம்ப முடியவில்லை. அதோடு விட்டாளா? முதலிலிருந்து போடுங்கள், அந்தக் கீறலுக்கு அப்புறம் என்னதான் வருகிறது என்று ஒரு நாளாவது நிம்மதியாகக் கேட்கிறேன், இதுவரைக்கும் காலைத் தட்டவே நேரம் சரியாக இருந்தது என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பக்கம் முழுவதும் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இல்லாத அதிசயம். ஒருவன் தனியாகக் குழல் ஊதுகிற இடம் வந்தது, பூனை நடக்கிற மாதிரி மெல்லிசாக. தெருவில் ஒரு பஸ் போயிற்று.

"இந்த பஸ்ஸு பாட்டுல வருதா, ரோட்டுல வருதா?"

"ரோட்டுலதான்."

"பாவம், அந்தப் புள்ள இவ்வளவு தூரம் வந்து ஊதுது" என்று மட்டும் சொன்னாள்.

அதுவரை என் காதில் விழாத பஸ்ஸெல்லாம் அன்றிலிருந்து விழ ஆரம்பித்தது. பஸ், மோட்டார் சைக்கிள், பழைய பேப்பர்காரர். குழல் வருகிற இடத்துக்கென்றே காத்திருந்து வருகிற மாதிரி வந்தார்கள். ஜன்னலைச் சாத்தினால் புழுங்கியது, திறந்தால் பழைய பேப்பர். நான் பல்லைக் கடித்தேன். ஒரு நாள் நூல் சுற்றிக்கொண்டே, எதையோ நினைத்துக்கொண்டவள் மாதிரி கேட்டாள். இவர்கள் இதையெல்லாம் வாசித்த இடத்தில் ஜன்னல் இருந்திருக்குமா?

நான் சிரித்துவிட்டேன். "ஸ்டுடியோவுல யாராவது ஜன்னல் வெப்பாங்களா, பைத்தியம்?"

சொன்ன வாய் மூடவில்லை. ஜன்னல் இல்லாத அறை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பின்பக்கம், அவள் துணி மூட்டை போட்டு வைக்கிற உள்ளறை. நாலு பக்கமும் தடித்த சுவர். இத்தனை வருஷம் ஸ்டுடியோவைக் குடோனாக வைத்திருந்திருக்கிறோம்.

கேட்டேன். முடியவே முடியாது என்றாள். என் துணியெல்லாம் எங்கே வைப்பேன், வாடிக்கைக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வேன், உங்கள் பாட்டுக்காக நான் நடுத்தெருவில் நிற்க வேண்டுமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் விடுவேனா? கெஞ்சினேன். பாத்திரம் கழுவினேன். பட்டன் தைத்துக் கொடுத்தேன். தலைகீழாகத் தைத்தேன் என்பது வேறு விஷயம். முன்னறையை முழுசாக நீயே எடுத்துக்கொள் என்றேன். பெருமூச்சு விட்டாள். "உங்க இஷ்டம். நான் சொன்னா கேக்கவா போறீங்க" என்றாள்.

எல்லாவற்றையும் நானே சுமந்தேன். என் ரெக்கார்டுகளை உள்ளே, அவள் மூட்டைகளை வெளியே. துணியெல்லாம் முன்னறையில் இருக்கும்போது மெஷின் மட்டும் நடையில் எதற்கு என்று அதையும் பெரிய மனது பண்ணி நானே தூக்கிக்கொண்டு போய் ஜன்னலடியில் வைத்தேன். வெயில் நேராக ஊசிமேல் விழுந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டார்ச் இல்லாமல், கண்ணைச் சுருக்காமல், ஒரே தடவையில் நூலைக் கோத்தாள். கோத்துவிட்டு அந்த நூலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ போல இருந்தது. முதலிலேயே கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும் தந்திரத்தால் ஜெயித்தவன் நான்தானே என்கிற பூரிப்பு அதை மூடிவிட்டது. சத்தியம் உடையவில்லை, தட்டு வந்துவிட்டது, ஸ்டுடியோவும் கிடைத்துவிட்டது. இவளை ஏமாற்றினவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

உள்ளறையில் ஸ்பீக்கரை எதிர்ச்சுவரில் வைத்தால் வயர் எட்டவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தாடிக்காரர் கடைக்குப் போனேன். நடந்ததையெல்லாம் என் சாமர்த்தியம் ஒன்றுவிடாமல் சொல்லி, நீளமாக வயர் ஒன்று கொடுங்கள் என்றேன்.

அவர் தாடியைச் சொறிந்தார். "வயரா? அதத்தான் அண்ணி அப்பவே வாங்கிட்டுப் போனாங்களே அண்ணே. ஏணிமீன் வந்தா உங்களுக்கு ஒண்ணு எடுத்து வெச்சுட்டுப் போன் போடச் சொல்லிட்டுப் போனாங்களே, அன்னிக்கு. உள்ரூம் கதவைச் சுத்திக் கொண்டு போகணும்னு, நாடா வெச்சு அளந்துட்டுத்தான் வந்திருந்தாங்க."