மெதுவா மாஸ்டரும் மஞ்சள் காரும்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது வேகமாகப் போய்விடுவது என்று மெதுவா மாஸ்டர் முடிவு செய்துவிட்டார். எங்கே போவது என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. வேகமாகப் போனால் போதும்.

மெதுவா மாஸ்டர் என்பது ஊர் வைத்த பெயர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்றுக்கொடுக்கிறவர் கைக்கு ஸ்டியரிங் வராது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "மெதுவா... மெதுவா..." என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லியும் கேட்காதவர்களுக்காக அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அவருடைய தலைமுடியில் பாதி அந்த பிரேக்கை மிதித்து மிதித்தே நரைத்தது. மிச்சம், மிதிக்க மறந்த சமயங்களில் கொட்டியது. ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள்தான். அவர்கள் எல்லாரும் எங்கெங்கோ பறந்துகொண்டிருக்க, இவர் மட்டும் இன்னும் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஹைவே ஓரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். பெரிய கார் ஒன்று விர்ரென்று போகும். டம்ளரை வாய்க்கும் மார்புக்கும் நடுவில் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார். அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து மறைகிற வரைக்கும் அசைய மாட்டார். டீ ஆறிப்போகும். மனசுதான் ஆறாது.

அவர் மனைவியும் ஒரு காலத்தில் அவரிடம் கார் கற்க வந்தவள்தான். முதன்முதலாகக் காலி ரோட்டைப் பார்த்ததும் அந்தப் பெண் டாப் கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினாள். இவர் தன் பிரேக்கை அழுத்தினார். வண்டி குலுங்கி நின்றது. அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் விழுந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் எப்போதாவது ஸ்கூல் காரை எடுத்தால் இவர் பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா" என்பார். போகப் போக அவள் ஸ்டியரிங்கைத் தொடுவதையே விட்டுவிட்டாள். பாவம், ஆசை விட்டுப்போச்சு போல என்று இவரும் விட்டுவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் மஞ்சள் நிறத்தில் ஒரு கார். கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. இடுப்பு உயரம்கூட இல்லை. கதவு பக்கவாட்டில் திறக்காது, மேலே தூக்கிக்கொள்ளும். மொத்தமே இரண்டு சீட்டு. இன்ஜின் முதுகுக்குப் பின்னால். மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என்ன இது?"

"பாத்தா தெரியல? கார்" என்றாள் மனைவி.

"யாரோடது?"

"என் தம்பியோடதுங்க. புதுசா வாங்கினானாம். வேலையா வெளிநாடு போறான், வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டும்னு விட்டுட்டுப் போயிருக்கான்."

"சும்மாவா நிக்கணும்?"

"சும்மா நின்னா கெட்டுடுமாம். தினமும் எடுக்கணுமாம். ஆனா புது இன்ஜினாம். முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாத்தான் ஓட்டணுமாம். அதுக்கப்புறம் எப்படி வேணா ஓட்டலாமாம்."

அதுக்கப்புறம் எப்படி வேணா. மாஸ்டர் காதில் இந்த மூன்று வார்த்தைகள் மட்டும் தேனாகப் பாய்ந்தன. மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று.

"யாரு ஓட்டறது?" என்றார், எச்சிலை விழுங்கிக்கொண்டு.

"நீங்கதான். உங்களைவிட மெதுவா ஓட்டறவங்க இந்த ஊர்ல யாரு இருக்கா? ஆனா ஒண்ணு. சும்மா ஊர் சுத்தக் கூடாது. வீட்டு வேலைக்கு எடுங்க."

"உனக்காக வேணும்னா ஓட்டறேன்" என்று பெரிய மனசு பண்ணினார் மாஸ்டர். உள்ளுக்குள் கணக்கு வேறாக ஓடியது. வீட்டு வேலை என்ற பெயரில் ஆயிரத்தையும் தள்ளிவிட வேண்டியது. மைத்துனன் திரும்பி வரும் நாளுக்கு முந்தின நாள், விடியற்காலையில், யாருக்கும் தெரியாமல் ஹைவே. அந்தச் சத்தம். அவர் கையால், அவர் காலால். அந்த ஒரு காலைப்பொழுதுக்காக எந்த வேலையும் செய்யத் தயாரானார்.

வேலைகளும் தயாராக இருந்தன.

அரிசி மூட்டை வாங்கப் போனார். சாமான் வைக்கிற இடம் காரின் மூக்கில் இருந்தது. அதில் ஒரு ஜோடி செருப்பும் ஒரு பிஸ்கெட் பாக்கெட்டும் வைக்கலாம். மூட்டையைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார். வண்டி நகர்ந்ததும் கீங் கீங் என்று அலறத் தொடங்கியது. ஆள் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று காருக்கு எண்ணம். கடைசியில் மூட்டைக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டார். கார் சமாதானமாயிற்று.

வேகத்தடை வந்தால் அதைவிடக் கஷ்டம். ஒரு பட்டனை அமுக்கி மூக்கை உயர்த்தி, எறும்பு ஏறுவதுபோல ஏறி, எறும்பு இறங்குவதுபோல இறங்க வேண்டும். அப்படி ஒரு தடவை இறங்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குட்டிக் கார் ஹாரன் அடித்து இவரைத் தாண்டிப் போயிற்று. அதன் தலையில் சிவப்பு எழுத்தில் எல் போர்டு. அவருடைய ஸ்கூல் வண்டியேதான். ஓட்டியது, போன வாரம் சேர்ந்த அம்மாள். பக்கத்தில் இருந்த ஜூனியர் மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கும்பிடு போட்டான்.

வண்டியை விட்டு இறங்குவது இன்னொரு பாடு. முதலில் ஒரு கையை ரோட்டில் ஊன்ற வேண்டும். அப்புறம் ஒரு முட்டி. அப்புறம் மிச்ச மாஸ்டர். எதிர்வீட்டு டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

"ஏன் மாஸ்டர், இறங்கறீங்களா, விழுறீங்களா?"

"இது ஸ்டைல் ஓய்."

"ஸ்டைல்தான். பேன்ட் முட்டி கிழிஞ்சா நம்மகிட்டயே கொண்டு வாங்க."

இருந்தாலும் மாஸ்டர் அசரவில்லை. சிக்னலில் நிற்கும்போது மட்டும், யாரும் பார்க்காத மாதிரி, ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொடுவார். முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று தூக்கத்தில் புரண்டு உறுமும். அவருக்கு முதுகுத்தண்டு சிலிர்க்கும். "கேட்டியா?" என்று பக்கத்து சீட்டைப் பார்ப்பார். பெல்ட் போட்ட அரிசி மூட்டை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கண்ணில் நீர் முட்டுகிற அளவுக்கு ஆசை வந்துவிடும் மனுஷனுக்கு. பச்சை விழும். ஊர்ந்து போவார்.

கிலோமீட்டர் சேர வேண்டுமே. அதற்கும் வழி கண்டுபிடித்தார்.

"வெங்காயம் இல்லைன்னியே?"

"ஆமாங்க, தெருக்கோடி கடையில..."

"அந்தக் கடையா? பூரா அழுகல். நான் அடுத்த ஊர் மார்க்கெட்ல வாங்கிட்டு வரேன்."

"ரெண்டு வெங்காயத்துக்கா?"

"தரம் முக்கியம்."

"சரி, போறதுதான் போறீங்க, என் சிநேகிதி வீட்டுல இந்தத் தலகாணி உறையைக் குடுத்துடுங்க. அப்படியே இந்த பல்பை மாத்திக்குங்க. அந்த மிக்ஸி ஜார் எத்தனை மாசமா ரிப்பேர்ல கிடக்கு? அதையும் வாங்கிட்டு வந்துடுங்க. மெதுவா போங்க, அவசரமே இல்ல."

எத்தனையோ மாதமாகச் சொல்லியும் நடக்காத வேலைகள் எல்லாம் மளமளவென்று நடந்தன. வீடு ஜொலித்தது. அவள் முகமும் ஜொலித்தது. ஏமாந்து போகிறாளே என்று மாஸ்டருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

சாயங்காலமானால் அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். குனிந்து காருக்குள் எட்டிப் பார்ப்பாள்.

"எவ்வளவு ஆச்சுங்க?"

"எது?"

"கிலோமீட்டர்."

"அது எதுக்கு உனக்கு?"

"சும்மாதான். தம்பி கேட்டா சொல்லணுமில்ல."

கடைசியில் அந்தச் சாயங்காலம் வந்தே விட்டது. மைத்துனன் வர இன்னும் இரண்டே நாள். ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைந்தது. தெருவையே சுற்றிச் சுற்றி வந்தார். டெய்லர் எண்ணி எண்ணிக் களைத்துப்போய்க் கடையை மூடிவிட்டார். மீட்டரில் ஆயிரம் விழுந்ததும் மாஸ்டர் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

மறுநாள் வெளுக்கும் முன்பே எழுந்தார். பூனை மாதிரி நடந்தார். ஆணியில் சாவியைத் தடவினார். ஆணிதான் இருந்தது.

வாசலுக்கு ஓடினார். மஞ்சள் காரின் கதவு மேலே தூக்கியிருந்தது. உள்ளே, ஸ்டியரிங்குக்குப் பின்னால், கூந்தலை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, காலில் கான்வாஸ் ஷூவுடன் மனைவி.

"வாங்க. ஏறுங்க."

"நீ எங்க இங்க?"

"நீங்க எங்க இந்நேரத்துல?"

"நான்... வண்டியைக் கழுவலாம்னு..."

"பக்கெட் எங்க?"

மாஸ்டர் தன் வெறுங்கையைப் பார்த்தார்.

"இங்க பாரு, தம்பி என்னை நம்பிக் குடுத்த வண்டி..."

"உங்களை நம்பியா? நல்லா இருக்கே. வண்டியை அவன் எனக்குக் குடுத்தான். சின்ன வயசுலேருந்து அவனுக்கு என் ஆசை தெரியும். 'ஆயிரம் கிலோமீட்டர் மெதுவா ஓட்டப் பொறுமை வேணும்க்கா, உனக்கு இருக்கா?'ன்னான். எனக்கு இல்லடா, எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார்னேன்."

அரிசி மூட்டை, தலகாணி உறை, மிக்ஸி ஜார் எல்லாம் வரிசையாக மாஸ்டரின் கண்முன்னால் வந்து போயின.

"எனக்கும் ஆசை இருக்காதாம்மா?" என்றார்.

அவள் கொஞ்சம் இளகினாள்.

"இருக்கும். அதான் விட்டுட்டுப் போகாம உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். திரும்பி வரும்போது நீங்கதான் ஓட்டப்போறீங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். மார்க்கெட் வழியா வரணும். காய்கறி வாங்கணும்."

வேறு வழியில்லாமல் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் இறங்கினார். மூட்டை உட்கார்ந்த பள்ளம் அவருக்குக் கச்சிதமாக இருந்தது. பெல்ட்டை அவளே இழுத்து மாட்டிவிட்டாள்.

ஹைவே காலியாகக் கிடந்தது. அன்றைக்கு, அந்த முதல் நாளில், இதே மாதிரி ஒரு காலி ரோட்டைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி மலர்ந்ததோ, அதே மாதிரி இப்போதும் மலர்ந்தது. இத்தனை வருஷம் அந்த முகத்தை எங்கே ஒளித்துவைத்திருந்தாள் என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. ஆசை விட்டுப்போகவில்லை. காத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

அவள் காலை அழுத்தினாள்.

வந்தது அந்தச் சத்தம். டீக்கடையில் நின்று வருஷக்கணக்காகக் கேட்ட சத்தம், இப்போது தேயவில்லை, மறையவில்லை, அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. மரங்கள் பின்னால் ஓடின. அந்த டீக்கடையும் ஓடிற்று. யாரோ ஒருவர் டம்ளரைப் பிடித்தபடி நிற்பது கண்ணில் பட்டு மறைந்தது. இன்னும், இன்னும் வேகமாக என்று கத்த வேண்டும்போல இருந்தது மாஸ்டருக்கு. வாழ்நாள் ஆசையையெல்லாம் திரட்டிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"மெதுவா... மெதுவா..." என்று வந்தது. கால் தன்னால் நீண்டு தரைவிரிப்பை ஓங்கி மிதித்தது. மறுபடியும் மிதித்தது.

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"மாஸ்டர், அங்க பிரேக் கிடையாது."