மூச்சு விட்ட ஜன்னல்கள்

அச்சகத்தில் அவருக்கு முற்றுப்புள்ளியார் என்று பெயர். எந்த எழுத்தாளர் எவ்வளவு நீளமாக வாக்கியத்தை இழுத்துக்கொண்டு போனாலும், மெய்ப்புத் திருத்தும்போது நடுவில் ஒரு புள்ளியை வைத்து ஆளை உட்கார்த்திவிடுவார். அந்த அதிகாரமெல்லாம் அச்சகத்து வாசலோடு சரி. வீட்டில் அவர் வைக்கும் முற்றுப்புள்ளிக்கு மனைவி நிதானமாக ஒரு வாலை இழுத்துக் காற்புள்ளி ஆக்கிவிட்டு, மேற்கொண்டு பேச ஆரம்பிப்பாள்.

ஆகவே, பிறந்ததற்கு ஒரு காரியத்தையாவது அவளைக் கேட்காமல் செய்துவிடுவது என்று குளிர்காலம் வருவதற்குச் சற்று முன்னால் அவர் முடிவு கட்டினார். ஜன்னல்களை மாற்றுவது என்பதே அந்தக் காரியம்.

அந்த மலையூரின் மேட்டுத் தெருவில் கடைசி வீடு அவருடையது. பழைய மரச்சட்ட ஜன்னல்கள். காற்றடித்தால் சட்டங்கள் பல்லை நறநறவென்று கடிக்கும். ஹீட்டர் ராத்திரி பகலாக உழைத்துக் கொடுக்கிற சூட்டை இடுக்கு வழியாகத் தெரு வாங்கிக்கொள்ளும். இதற்கு மாற்றாக இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வந்திருப்பதை அவர் கேள்விப்பட்டார். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றை அடைத்து, சுற்றிலும் பசை பூசி மூடிவிடுவார்கள். உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாது.

"கனமா ஒரு திரை தைச்சுப் போட்டா போதாதாங்க?" என்றாள் மனைவி.

"திரை போட்டா இருட்டு. இது விஞ்ஞானம். சக்தி மிச்சமாகும்."

"அந்த ஜன்னல்காரர் வேலை எப்படின்னு யார்கிட்டயாவது விசாரிச்சீங்களா?"

"ஆள் முகத்தைப் பார்த்தாலே தெரியுதே."

"முகத்தையா மாட்டப் போறோம்?"

அவர் அதற்கும் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போய் ஜன்னல்காரரைக் கூட்டிவந்தார்.

ஜன்னல்காரர் பெரிய உடம்பும் சின்னக் குரலுமாக இருந்தார். கதவைத் தட்டும்போதுகூட மன்னிப்புக் கேட்பது மாதிரி தட்டுவார். வேலை முடிந்தது. வீடு பஞ்சுக்குள் வைத்த கடிகாரம் போல அமைதியானது. முற்றுப்புள்ளியார் அறைக்கு அறை போய்க் கண்ணாடியைச் சுண்டிப் பார்த்துப் பெருமைப்பட்டார்.

பிறகு ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் தெருவைக் காணோம்.

பனிமூட்டம் என்று நினைத்துக் கதவைத் திறந்தார். வெளியே பளிச்சென்று வெயில். பனி இருந்தது ஜன்னலுக்குள். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில், துடைக்க முடியாத இடத்தில், பால் ஊற்றினது போல வெண்மை படர்ந்து நின்றது. உள்ளேயிருந்து துடைத்தார். வெளியே போய்த் துடைத்தார். அது இரண்டு பக்கமும் தலையாட்டாமல் நடுவிலேயே நின்றது, மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிய பிள்ளை மாதிரி.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வெளியுலகம் கனவாகிப் போயிற்று. எதிர்வீட்டு விளக்கு ஜன்னலில் நிலாவாக உருகி நின்றது. தெருவில் சைக்கிளில் போகிறவர் தண்ணீருக்குள் போகிற மீனாகத் தெரிந்தார். மரங்கள் பச்சைப் புகையாக அசைந்தன. தெருக்கோடி சலவைக்காரர் மூட்டையோடு நடந்துவந்தால் யாரோ மேகத்தைத் தூக்கிக்கொண்டு வருவது போலிருந்தது. சாயங்கால வெளிச்சம் அந்தப் பாலில் கரைந்து, கூடத்துத் தரையெல்லாம் இளஞ்சிவப்பாகக் கசிந்தது.

மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. 'நான் அப்பவே சொன்னேனே' என்ற வாக்கியம் எந்த நிமிஷமும் வரும் என்று காதைத் தீட்டி வைத்திருந்தார். வரவில்லை. அவள் பாட்டுக்கு நாற்காலியில் சாய்ந்து, மங்கின ஜன்னலைப் பார்த்து ஏதோ ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

குற்றமுள்ள மனசுக்குக் கை சும்மா இருக்காது. முதல் நாள் அவராகவே போய் டீ போட்டார். மறுநாள் பாத்திரம் கழுவினார். அப்புறம் துணி மடிப்பது, வீடு பெருக்குவது, அடுப்பு மேடை துடைப்பது என்று ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அவள் பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குச் செடிகொடிகளின் படம் வரைகிறவள். பின்கட்டு அறையைச் சாத்திக்கொண்டு வேலை செய்வாள். ஈரச் சாயத்தின் மேல் தூசி விழுமென்று யாரையும் உள்ளே விடமாட்டாள். அவர் டீயைக் கதவோரம் வைத்துவிட்டு நுனிக்காலில் திரும்பிவிடுவார்.

ஒரு நாள் மானம் பொறுக்காமல் ஜன்னல்காரரின் பட்டறைக்குப் போய்ச் சத்தம் போட்டார். திரும்பி வந்தபோது மனைவி கேட்டாள்.

"என்ன சொன்னார்?"

"கண்ணாடி புதுசாம். இப்பத்தான் மூச்சு விடப் பழகுதாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானும் ஒரு பெருமூச்சு விட்டுட்டு வந்துட்டேன்."

அடுத்த தடவை இன்னும் கோபமாகப் போனார். அதைவிடச் சாந்தமாகத் திரும்பி வந்தார்.

"இப்ப என்னவாம்?"

"மேகம்கூட ஒரு மலையில கொஞ்ச நாள் தங்கிட்டுத்தான் சார் போகும்னு சொல்றார். அந்தக் குரல்ல அதைக் கேட்டா என்னால சண்டை போட முடியலம்மா. கண்ணைச் சொருகிக்கிட்டு வருது."

"பாவம், நல்ல மனுஷர். விடுங்க, தானா சரியாயிடும். அந்தத் துணியைக் கொஞ்சம் மடிச்சிடுறீங்களா?"

மடித்தார். மடிக்கும்போது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏதோ ஒரு கொடி எப்படிப் பிடிமானம் தேடி வளைந்து வளைந்து போகும் என்று சொன்னாள். வெளியே பார்க்க ஒன்றுமில்லாததால் அவர் அவள் முகத்தையே பார்த்துக் கேட்டார். வெண்ணிற ஜன்னலுக்கு முன்னால் அவள் தலைமுடியில் நரை எது, வெளிச்சம் எது என்று தெரியவில்லை. இப்படியே காலம் போனாலும் நல்லதுதானோ என்று ஒரு கணம் தோன்றியது. உடனே உதறிக்கொண்டார். ஓர் ஒற்றுப்பிழையைக்கூட விடாத மனிதன், இத்தனை பெரிய பிழையைக் கூடத்திலேயே மாட்டி வைத்துக்கொண்டு வாழலாமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடியும் பட்டறைக்குப் போனார். ஜன்னல்காரர் வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேகம், மலை, மூச்சு எதுவும் வேண்டாம். என் வீட்டுக்கு வாங்க. உங்க கண்ணால பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க."

ஜன்னல்காரர் என்னவோ சொல்ல வந்து, விழுங்கிவிட்டு, கூடவே நடந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நடந்ததுதான் விசித்திரம். ஜன்னல்காரர் கூடத்து ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகின கால்களோடு நேரே பின்கட்டு அறைக்குப் போய்க் கதவை மெல்லத் தட்டினார்.

"அம்மா, இது நல்லா நிக்குதுங்களா? ஓரம் எங்கயும் கசியலியே?"

பின்னாலேயே ஓடிப்போய் எட்டிப் பார்த்த முற்றுப்புள்ளியார் அப்படியே நின்றுவிட்டார். அந்த அறை ஜன்னல் துல்லியமாக இருந்தது. வெளியே மரம், மரத்தில் கிளை, கிளையில் இலை, இலையில் நரம்பு. வெகுநாள் தூங்கி எழுந்தவர் போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"இது எப்ப மாத்தினது?"

ஜன்னல்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நாளாச்சு சார்," என்றார் அவர் கடைசியில். "பசை சரியில்லாமப் போச்சு. என் தப்புதான். பனி படிஞ்ச உடனே அம்மா ஆளனுப்பினாங்க. நீங்க அச்சகத்துல இருந்தப்ப வந்து இதை மாத்திட்டேன். மத்தக் கண்ணாடியும் அப்பவே பட்டறையில தயாரா இருக்கு."

"அப்ப ஏன்யா கொண்டு வந்து மாட்டல?"

"எடுத்துக்கிட்டு வந்தேன் சார். அம்மாதான் கொஞ்ச நாள் போகட்டும்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்ப அந்த மூச்சு? மேகம்?"

ஜன்னல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அதெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்தது சார். எனக்கு அந்த மாதிரி பேச எங்க வரும்?"

முற்றுப்புள்ளியார் மனைவி பக்கம் திரும்பினார். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்குத் தோதான வாக்கியம் வரவில்லை.

"ஏன் இப்படிச் செஞ்சே?"

அவள் தூரிகையை உதறி நிறுத்தி வைத்தாள். அவளுடைய முகத்தில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. நன்றாக ஓய்வெடுத்த ஒரு மனுஷியின் தெளிவு இருந்தது.

"சக்தி மிச்சமாகணும்னுதானேங்க ஜன்னல் மாத்தினீங்க?"

"ஆமா."

"மிச்சமாயிட்டுத்தானே இருந்தது? என்னோடது."

அவர் வாயைத் திறந்தார். நாளைக்கே எல்லாக் கண்ணாடியும் மாட்டியாக வேண்டும், இனிமேல் இந்த வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தப் போவதில்லை என்று தீர்க்கமாகச் சொல்ல நினைத்தார். சொல்லிவிட்டதாகக்கூட அவருக்கு ஒரு நினைப்பு. கால்கள் எப்போது திரும்பின, கை எப்போது பாத்திரத்தை அடுப்பில் வைத்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. சமையலறை ஜன்னலின் வெண்மைக்கு முன்னால் நீராவி எழுந்து, எது பனி, எது ஆவி என்று தெரியாமல் கலந்தபோதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது புரிந்தது.

அடுத்த அறையிலிருந்து அந்தச் சின்னக் குரல் மன்னிப்புக் கேட்பது போல வந்தது.

"எனக்குச் சர்க்கரை கம்மியா சார்."