பெட்ரோல் மூடி திறந்த படலம்

எயிற்றுப்பகை முடித்த ஏந்தல் வாழ்க! கடைவாய்க் காட்டின் காரிருள் கிழித்துப் புகுந்து, வேரோடி வீம்பு பிடித்த பற்களைக் குறடு ஒன்றே துணையாகப் பிடுங்கியெறிந்த பெருங்கையன் வாழ்க! அவன் நாற்காலியில் சாய்ந்த எவரும் வாய் திறவாது எழுந்ததில்லை. அழுத குழந்தையும், அடம்பிடித்த வக்கீலும், கல்யாணமான நாள்முதல் மனைவியிடம்கூட வாய் திறந்தறியாத மௌனக் கணவர்களும், “கொஞ்சம் பெருசா” என்று அவன் மொழிந்த மாத்திரத்தில் மலைக்குகை எனத் திறந்தனர். அத்தகைய பல் டாக்டர், ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், ஒரேயொரு வாயைத் திறக்கமாட்டாமல் பெட்ரோல் பங்க் நடுவே வியர்த்து நின்ற வரலாற்றைப் பாடப் புகுகின்றேன். சொல்லுக்கு அதிபதியான தெய்வமே, என் நாவில் வந்து அமர்க. இன்ஜின்களுக்கென்று தனியே ஒரு தெய்வம் உண்டெனில், அதுவும் சற்று நகர்ந்து உட்கார்க.

கார்முகில் நிறத்தது அந்தக் கார். வாங்கி ஒரு வாரந்தான். இருக்கைகளின் பாலித்தீன் உறையைக்கூட உரிக்க மனம் வரவில்லை. மாயங்கள் மலிந்த வண்டி அது. முன்னிருக்கையில் ஒரு பையை வைத்தால் அதை மனிதப் பிறவியென்றே மதித்து, பெல்ட் போடு, பெல்ட் போடு என்று கூவும். கதவோரத்தில் எதை மாட்டவென்று எவரும் அறியாத ஒரு கொக்கி உண்டு. ஸ்டியரிங் அருகே ஒரு பட்டன். அதன்மேல் நெளிநெளியாய் மூன்று கோடுகள். ஆவியோ, பாம்போ, ஆற்று வெள்ளமோ என்று ஐயுற்ற டாக்டர், ஆழம் தெரியாத அந்தப் பட்டனை அதுநாள்வரை தொட்டதில்லை.

அன்று அந்தத் தேரில் ஏறியிருந்தோர் மூவர். ஓட்டும் இடத்தில் நம் தலைவன். பக்கத்தில் அவன் மனைவி, மடியில் பூங்கொத்து. பின்னிருக்கையில், புயலைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாற்போல் அவன் மாமியார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவருடைய இளைய மகளுக்கு அன்று பதிவுத் திருமணம். மாப்பிள்ளையோ, நாய்களுக்கு முடி வெட்டி விடுவதைத் தொழிலாகக் கொண்டவர். அதைக் கேட்ட நாளில், “நாய்க்கு முடி வெட்டுறவனுக்கா நான் பொண்ணு பெத்தேன்?” என்று ஒரு முறை முழங்கிவிட்டு, அதன்பின் இளைய மகளோடு பேச்சை அடியோடு நிறுத்திவிட்டார் டீச்சர். மாதங்கள் கழிந்தன. தூது சென்றோர் அனைவரும் தோற்றுத் திரும்பினர். ஆயினும் அன்று காலை, ஒருவரும் அழையாமலே, இஸ்திரி கலையாத உடை உடுத்திப் படியிறங்கி வந்து பின்னிருக்கையில் அமர்ந்தார். “போலாம்” என்றார். அவ்வளவே. ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் இறங்கிவிடுவாரோ என்று அஞ்சி, டாக்டரும் மனைவியும் மூச்சையும் அளந்தே விட்டனர்.

பாதி வழியில், செவ்வானத்துச் சிறு மீன் போல் ஒரு விளக்கு எரிந்தது. பெட்ரோல் இல்லை.

பங்கினுள் தேர் புகுந்தது. இடப்புறம் நிறுத்தினான் தலைவன். மூடி வலப்புறம் இருந்தது. சுற்றி வந்து மறுபுறம் நிறுத்தினான். பெட்ரோல் போடுகிறவர் குழாயை வாளென ஏந்தி வந்து நின்றார்.

“சார், மூடியத் திறங்க.”

திறக்கவேண்டும். ஆனால் எதைக்கொண்டு? பழைய காரில் இருக்கைக்குக் கீழே ஒரு நெம்புகோல் இருந்தது. இங்கே கைவிட்டுத் துழாவியவன் கையில் ஒரு பிடி அகப்பட, வெற்றி வெற்றி என்று உள்ளம் துள்ள அதை இழுத்தான். எதிரே பானெட் யாளி வாய் பிளந்தாற்போல் பிளந்தது. அடுத்ததை அழுத்தினான், பின்னே டிக்கி எழுந்து வானத்தை வணங்கியது. மூன்றாவதைத் திருகினான், முன்கண்ணாடியின் அடியினின்றும் இரு நீர்த்தாரைகள் சீறிப் பாய்ந்து, யாதொரு பாவமும் அறியாத பெட்ரோல்காரரின் சட்டையை நனைத்தன. நான்காவதைத் தொட்டான்; பக்கக் கண்ணாடிகள் இரண்டும், அடிக்கு அஞ்சிய முயலின் செவிகள்போல் மடங்கிக்கொண்டன. எஞ்சியது அந்த நெளிகோட்டுப் பட்டன். விதியே என்று கண்ணை மூடிக்கொண்டு அதையும் அழுத்தினான்.

சிறிது நேரம் உலகம் அமைதியாய் இருந்தது. பிறகு மனைவி மெல்ல நெளிந்தாள்.

“என்னங்க, என் சீட்டு சுடுது.”

“எப்படி சுடுது?”

“அடுப்பு மேல உக்காந்த மாதிரி சுடுது! அந்த புக் எங்க? வண்டியோட ஒண்ணு குடுத்தாங்களே?”

“தொலைஞ்சிடக் கூடாதுன்னு பீரோவுல வெச்சிருக்கேன்.”

அவள் பார்த்த பார்வையை உவமிக்க என் புலமைக்கு வலுவில்லை, மேலே செல்கின்றேன்.

இதற்குள் பின்னே சேனை திரண்டது. சரக்கு வேன் ஒன்று, டாக்ஸி இரண்டு, ஸ்கூட்டர்கள் எண்ணில. ஹாரன்கள் போர்முரசாய் அதிர்ந்தன. வேன்காரர் தலையை நீட்டி, “அண்ணே, வண்டி உங்களுதுதானே?” என்று ஐயத்தோடு வினவினார். வண்டிக்குள்ளே ஏவல் கேட்கும் குரலணங்கு ஒருத்தி உண்டென்பது அப்போதுதான் தலைவன் நினைவில் மின்னிற்று. நெஞ்சு நிமிர்த்தி, “மூடியைத் திற!” என்று ஆணையிட்டான்.

“மன்னிக்கவும். மீண்டும் சொல்லுங்கள்” என்றது கார்.

“மூடியைத் திற!”

“மன்னிக்கவும். மீண்டும் சொல்லுங்கள்.”

“கொஞ்சம் மரியாதையா கேட்டுப் பாருங்க” என்றாள், இருக்கையின் நுனிக்கு வந்துவிட்ட மனைவி.

“மூடியைத் திறங்க” என்றான், ஊரையே வாய் திறக்கவைத்த ஏந்தல், தாழ்ந்த குரலில். கார் ஒரு தாலாட்டை ஒலிக்கவிட்டது.

அப்போது மனைவியின் போன் அடித்தது. தங்கைதான். “அக்கா, எங்க இருக்கீங்க? இன்னும் ரெண்டு ஜோடி முடிஞ்சா எங்க முறை.”

அக்காள் கையால் வாயை மறைத்துக்கொண்டு, “வந்துட்டே இருக்கோம். அம்மாவும் கூட வர்றாங்க” என்றாள்.

எதிர்முனையில் தங்கை கூவினாள். “நிஜமாவா?”

“நிஜமாத்தான். உங்க மாமா மட்டும் அந்த மூடியத் திறந்துட்டா.”

இது கேட்ட தலைவன், கொதித்தெழுந்து கதவைத் திறந்து களத்தில் குதித்தான். சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டினான். போன் விளக்கை ஏற்றி, மூடியின்முன் மண்டியிட்டான். எத்தனை எத்தனை ஈறுகளின் எல்லை அறிந்த அந்த விரல்நகங்கள் மூடியின் விளிம்பெங்கும் ஊர்ந்தன. இழுத்தான். மேல்பக்கம் நகத்தைக் கொடுத்து இழுத்தான். கீழ்ப்பக்கம் சாவியைக் கொடுத்து இழுத்தான். உதவிக்கு வந்த பெட்ரோல்காரரும் இழுத்தார். இறங்கி வந்த வேன்காரரும் இழுத்தார். இழுத்தே வாழ்ந்த கை தலைவனுடையது. வேறொன்று அதற்குத் தோன்றவில்லை. ஈற்றில், தன்னை மறந்த நிலையில், மூடியைத் தட்டிக்கொடுத்து, “பயப்படாதீங்க, வலிக்கவே வலிக்காது, கொஞ்சம் பெருசா திறங்க” என்று கொஞ்சலானான். ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்கள் அதை நிறுத்திவிட்டு இரக்கத்தோடு பார்த்தனர்.

பின்கதவு திறந்தது.

மாமியார் இறங்கினார். சேனை விலகி வழிவிட்டது. “போதும் மாப்பிள்ளை” என்றார். “எனக்கே பாதி மனசுதான் இருந்துச்சு. வண்டியும் வேணாங்குது. நான் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க.”

“அம்மா!” என்று மனைவி அலறினாள். தலைவனின் நெஞ்சம் நொறுங்கிற்று. மூடி திறவாதது ஒரு தோல்வி. மாதக்கணக்கில் மூடியிருந்து அன்று காலைதான் ஒரு கீற்றுத் திறந்த அந்த மனமும் தன்னால் மூடிக்கொள்வதோ! “அத்தை, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் அத்தை” என்று மண்டியிட்டபடியே கைகூப்பினான். அவர் செவிமடுக்கவில்லை. புறப்பட அடியெடுத்து வைத்தார். செருப்பின் வார் கழன்றது. அதை மாட்டக் குனிந்தவர், விழாதிருக்கும்பொருட்டுக் காரின்மேல் ஒரு கையை ஊன்றினார்.

டக்.

மூடி, தாமரை மொட்டவிழ்ந்தாற்போல், ஓசையடங்கித் திறந்தது. இழுக்கவேண்டியதே இல்லை, ஒரு முறை அழுத்தினால் போதும் என்பதே அதன் ஒரே இரகசியம்.

டீச்சர் நிமிர்ந்து மூடியைப் பார்த்தார். மெல்ல அழுத்தினார், மூடிக்கொண்டது. மறுபடி அழுத்தினார், திறந்தது. மறுபடியும் மூடி, மறுபடியும் திறந்தார். பிறகு மண்டியிட்டிருந்த மருமகனைப் பார்த்தார். அவன் நகத்தையும் சாவியையும் பார்த்தார். எங்கோ அடிவயிற்றில் தோன்றி, தோளைக் குலுக்கி, கண்ணில் நீராய் வழிந்து அவரிடமிருந்து வெடித்தது ஒரு சிரிப்பு! டாக்ஸிகள் சிரித்தன, வேன் சிரித்தது, நனைந்த சட்டையோடு பெட்ரோல்காரர் குழாயைப் பற்றிக்கொண்டு சிரித்தார். “பல்லு புடுங்குறவருக்கு அழுத்தத் தெரியல!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே, பஸ்ஸை மறந்து, தாமே போய்ப் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார் மாமியார். பெட்ரோல் நிறைந்தது. தேர் பறந்தது. வழியெல்லாம் சிரிப்பு அடங்கவில்லை. அடங்கும்போதெல்லாம் மனைவி, “இன்னும் சுடுதுங்க” என்று அதை மூட்டிவிட்டாள்.

பதிவு அலுவலகத்தின் வராந்தாவில் அவர்கள் முறை வந்துவிட்டிருந்தது. இளைய மகள் தாயைக் கண்டு தூணோடு தூணாய் நின்றாள். அவளருகே, கோட்டுக் கையில் ஏதோ ஒரு நாயின் வெள்ளை முடி ஒட்டியிருக்க, நின்றார் மணமகன். ஓடைகள் ஓட்டம் நிறுத்தி உற்றுப் பார்க்க, காற்று மரக்கிளைகளில் கால்மடக்கி அமர்ந்து காது கொடுக்க, அதுகாறும் ‘அந்த ஆள்’ என்றன்றி வேறு பெயரால் அவரைச் சுட்டியறியாத டீச்சர், நேரே அவர்முன் சென்று, கோட்டிலிருந்த முடியை இரு விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டுத் திக்கும் கேட்கத் திருவாய் மலர்ந்தருளினார்:

“மாப்பிள்ளை, உங்க கார்ல பெட்ரோல் மூடிய எப்படித் திறப்பீங்க, அழுத்தியா, இழுத்தா?”

“என்கிட்ட சைக்கிள்தான் இருக்கு, அத்தை.”