பதினோராவது காரிலும் குறை

வாராவாரம் வாசகர்களின் வாகனக் கவலைகளைத் தீர்த்துவைக்கும் 'வண்டி வைத்தியர்' அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும், தங்கள் வாசலில் நிற்கும் வாகனமும் (அது என்ன வாகனம் என்று இருபத்தேழு வருடமாகச் சொல்லாமலே காலம் தள்ளிவிட்டீர்கள்) நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் பகுதி தொடங்கிய வாரத்திலிருந்து நான் வாசகன். வாசகன் என்பதுகூடக் குறைத்துச் சொல்வதுதான். ஒவ்வொரு வாரமும் தங்கள் பதில்களைக் கத்தரித்து நீல அட்டைக் கோப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன். இதுவரை ஆறு கோப்புகள். இத்தனைக்கும் போன மாதம்வரை என்னிடம் கார் கிடையாது. இந்த மாதமும் கிடையாது. அந்த விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தாள். எங்கள் தொழிலில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சடித்த தாளில் கண்ணை ஓட்டி, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் குறி போடுவார். அவள் படிப்பாள், நான் சுழிப்பேன். கால்புள்ளியைக்கூட "கால்புள்ளி" என்று படிப்பாள். எங்கள் கல்யாணமே ஒரு பாடப்புத்தகத்தின் நானூற்றுப் பத்தாம் பக்கத்தில் முடிவானதுதான். அன்றும் அவள் சொன்னாள், நான் தலையாட்டினேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் குறை எதுவும் பார்க்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவிக்கு ஒரே ஒரு தங்கை. மூன்று மணி நேரத் தொலைவில், மலைமேல் ஒரு ஊரில், தனியாக இருக்கிறாள். போன வருடம் பாதை சரிந்ததிலிருந்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பாதையைச் சரிசெய்த பிறகும் பஸ் வரவில்லை. வாடகைக் கார்க்காரர்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே போனை வைத்துவிடுகிறார்கள். ஆக அக்காவும் தங்கையும் முகம் பார்த்துப் பதினான்கு மாதம் ஆகிறது. வருகிற இருபதாம் தேதி தங்கைக்குக் கண்ணில் ஆபரேஷன். பத்து நாள் யாராவது கூட இருந்து மணிக்கொருதரம் சொட்டு மருந்து விட வேண்டும். "வந்துடுவல்ல, அக்கா?" என்று அவள் போனில் கேட்டபோது, என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே, "உன் அத்தான் கார் வாங்கிடுவார்டி, வந்துடுவோம்" என்றாள். நானும் ஓய்வுபெற்ற அன்றே, மாலை போட்ட கழுத்தோடு, மொத்த அச்சகத்துக்கும் முன்னால், "இனிமேல் இவளைச் சொந்தக் காரில்தான் கூட்டிப்போவேன்" என்று மைக்கில் சொன்னவன். இன்று தேதி பதினெட்டு.

நான் சும்மா இருக்கவில்லை ஐயா. தங்கள் பதில்கள் அத்தனையையும் நோட்டுப் புத்தகத்தில் கேள்விகளாக வரிசைப்படுத்தி, அதை மனைவி கையில் கொடுத்து, பழகின முறைப்படியே காரியத்தில் இறங்கினோம். அவள் படிப்பாள், நான் காரைப் பார்ப்பேன். முதல் கார் ஒரு வங்கி ஊழியருடையது. என்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய்க் கிளப்பிப் பார்க்க வேண்டும், விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைக்க இடம் கொடுக்கக் கூடாது என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் காலை ஐந்தரைக்கே போனோம். காரை மூடியிருந்த உறையைத் தூக்கிக்கொண்டு நான் பாதி உடம்பு உள்ளே போய் பானெட்டில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மனைவி வெளியே நின்று "கேள்வி ஒன்று, என்ஜின் சூடு" என்று கணீரென்று படிக்கிறாள், வங்கி ஊழியர் வாயில் பல் பிரஷ்ஷோடும் கையில் கிரிக்கெட் மட்டையோடும் ஓடி வந்தார். என்ஜின் ஆறித்தான் இருந்தது. ஆனால் மனிதர் மிகவும் சூடாக இருந்தார், வந்துவிட்டோம்.

இரண்டாவது காரில், வெள்ளத்தில் மூழ்கின வண்டியா என்று கண்டுபிடிக்கத் தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்க்கச் சொன்ன தங்கள் பதிலின்படி முன்சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். விட்ட தலை வரவில்லை. மனைவி பாட்டுக்குக் கேள்வி ஒன்பது, பத்து என்று போய்க்கொண்டே இருந்தாள், நான் உள்ளே இருந்து "நிறுத்து, நிறுத்து" என்றதை "அடுத்தது, அடுத்தது" என்று எடுத்துக்கொண்டாள். கடைசியில் அந்த வீட்டுக்காரர் சீட்டைப் பின்னால் தள்ளி என்னை மீட்டார். ஏதோ வாடை இருக்கிறது என்றேன். "குழந்தை பால் கொட்டிடுச்சு சார்" என்றார். வெள்ளத்தையும் அப்படித்தானே எதையாவது சொல்லி மறைப்பார்கள் என்று வேண்டாமென்று விட்டேன். மூன்றாவது காரில், இடித்து ஒட்டுப்போட்ட இடத்தில் காந்தம் பிடிக்காது என்ற தங்கள் யோசனைப்படி காந்தத்தால் தடவிக்கொண்டே வந்தேன். முன்பக்கத்தில் அது பொத்தென்று விழுந்தது. "பெரிய விபத்து!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தேன். "சார், அது பம்பர். பிளாஸ்டிக்" என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களிடம் நான் எதுவும் வாங்குவதில்லை.

தாங்களும் கொஞ்சம் ஒரே நிலையில் நின்றிருக்கலாம் என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். வெள்ளைக் காரே வெயிலுக்கு நல்லது என்று மூன்றாம் கோப்பில் இருக்கிறது. வெள்ளையில் அழுக்கைத் துடைத்தே ஆயுள் முடிந்துவிடும் என்று ஐந்தாம் கோப்பில் இருக்கிறது. ஆகவே நான்காவது காரை ஐந்தாம் கோப்பைக் காட்டியும், கறுப்பாக இருந்த ஐந்தாவது காரை மூன்றாம் கோப்பைக் காட்டியும் தள்ளினேன். ஓட்டிப் பார்ப்பதற்காக எங்கள் பக்கத்து வீட்டு பஸ் அண்ணனைக் கூட்டிப் போவது வழக்கம். முப்பது வருடம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். எந்தக் காரிலிருந்து இறங்கினாலும், "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் சார்" என்பார். கண்ணைத் திறந்து பார்க்கத்தானே நாம் போயிருக்கிறோம்? ஒன்பதாவது காரில் ஓடிய தூரத்தையும் டயர் தேய்ந்த அளவையும் வைத்து நான் கணக்குப் போட ஆரம்பித்தபோது அவர் பொறுமை இழந்து, "சார், நீங்க கார் வாங்க வரல. கார் மேல கேஸ் போட வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். பத்தாவது காருக்கு அவர் வரவில்லை. அந்தக் காரை நான் எதற்காகத் தள்ளினேன் என்பது எனக்கே இப்போது நினைவில்லை.

பதினோராவதுதான் கஷ்டமான கார். ஒரு பல் டாக்டரம்மாவுடையது. பாலேட்டு நிறம். முதல் உரிமையாளர் அவர்தான். சர்வீஸ் செய்த ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோப்பு நீல அட்டை வேறு. மனைவி படிக்கப் படிக்க நான் சரி, சரி, சரி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கேள்விகள் தீர்ந்துபோய் அவள் நோட்டை மூடி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல வருடத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. டாக்டரம்மா சாவியை நீட்டி, "நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன்" என்றார். நான், "இருக்கட்டும், கடைசி புரூஃப் ஒன்று பாக்கி இருக்கிறது" என்றேன். அவர் டீ போட உள்ளே போனார், மனைவியும் கூடப் போனாள்.

கடைசி புரூஃபை நாங்கள் பின்னாலிருந்து முன்னால் பார்ப்போம். முன்னாலிருந்து படித்தால் அர்த்தம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், தப்பு கண்ணில் படாது. அப்படியே காரின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். பட்டாணி அளவுக்கு ஒரு நசுங்கல். கைப்பிடிக்குக் கீழே நகக் கீறல். கண்ணாடி மூலையில் பழைய ஸ்டிக்கரின் மிச்சம். பழக்கதோஷம் ஐயா, என் கை தானாகச் சட்டைப்பையில் இருந்த பென்சிலுக்குப் போய்விட்டது. கண்ணாடியிலும் உலோகத்திலும் எழுதுகிற சிவப்பு மெழுகுப் பென்சில் அது. குறை கண்ட இடத்தையெல்லாம் சுழித்து, கோடு இழுத்து, பக்கத்தில் குறி போட்டுக்கொண்டே போனேன். மொத்தம் பதினான்கு இடம். ஓட்டுநர் பக்கக் கதவில் 'இதை நீக்குக' என்பதற்கான சுழியை முழங்கை நீளத்துக்குப் போட்டிருந்தேன். டீத் தட்டோடு வெளியே வந்த டாக்டரம்மா பேயறைந்தவர் போல நின்றார். நான் நிதானமாக விளக்கினேன். "பயப்படாதீங்க, எல்லாம் சின்னத் திருத்தம்தான். சரிபண்ணிட்டு அடுத்த புரூஃப் அனுப்பினீங்கன்னா..." அதற்குமேல் விளக்க அவர் விடவில்லை. "என் காருக்கு எதுக்குங்க புரூஃப்? முதல்ல வெளிய போங்க!" என்றார். என் கைக்குட்டையால் துடைத்தேன். சிவப்பாக இருந்தது ரோஜா நிறமாகப் பரவியது.

பஸ் பிடித்து வீடு திரும்பினோம். செருப்பைக் கழற்றிய பிறகு மனைவி கேட்டாள். "கார்ல குறை இருக்கா, இல்ல உங்களுக்குக் காரே வேண்டாமா?" "குறை இருக்கு" என்றேன். "என்ன குறை?" "பதினாலு." அவள் நோட்டைக் கொண்டுபோய்ப் பழைய பேப்பரோடு சேர்த்து வைத்துவிட்டாள். நடந்து நான்கு நாள் ஆகிறது. ஆபரேஷனுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. போனில் தங்கையிடம் "பார்க்கலாம்டி" என்கிறாள். அந்தப் "பார்க்கலாம்" எனக்குச் சோறு இறங்க விடவில்லை.

ஆகவே அவசரமாகத் தங்களிடம் கேட்கிறேன். மெழுகுப் பென்சில் கறை கார் வண்ணத்திலிருந்து முழுக்கப் போகுமா? பானெட்டுக்கும் விளக்குக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி இருந்தால் அது குறையா, அல்லது அப்படித்தான் செய்கிறார்களா? இன்னொன்று, இது எனக்காக அல்ல, தெரிந்தவர் ஒருவருக்காக. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் பக்கம் இன்னொரு பிரேக் இருக்குமே, அந்த மாதிரிக் கார் பொதுமக்களுக்கு விற்பார்களா? விற்றால், அந்த பிரேக்கை மிதிக்கிற ஆளையும் சேர்த்துக் கொடுப்பார்களா? அந்தத் தெரிந்தவரிடம் இருபத்தாறு வருடமாக லைசென்ஸ் இருக்கிறது, தவறாமல் புதுப்பித்தும் வருகிறார் என்பதைக் கவனத்தில் கொண்டு பதில் எழுதவும்.

தங்கள் என்ஜின் என்றும் ஒரே சாவியில் கிளம்பவும், தங்கள் டயர்கள் நான்கும் சமமாகத் தேயவும், தங்கள் குடும்பத்தார் நீடூழி வாழவும் வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஆறு கோப்பு வாசகன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் வாசலில் ஹாரன் அடித்தது. போய்ப் பார்த்தால் பாலேட்டு நிறக் கார். கதவில் இன்னும் லேசாக ரோஜா நிறம். பக்கத்து சீட்டில் டாக்டரம்மா. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு என் மனைவி.

"யாரு ஓட்டினது?" என்றேன்.

"நான்தான்."

"நீயா?"

"மூணு மாசமா காலையில நடக்கப் போறேன்னு போனேன்ல? நடக்கவா போனேன்? லைசென்ஸ் வந்து பத்து நாளாச்சு. பதினொண்ணுல ஒண்ணையாவது நீங்களே வாங்கிடுவீங்கன்னு பார்த்தேன். இவங்க காரைத் துடைச்சுக் குடுக்கலாம்னு தினமும் போனேன். இன்னிக்குச் சாவியைக் கையில குடுத்து, ஓட்டிப் பாருங்கன்னாங்க. ஓட்டினேன், வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டேன். எத்தனை வீட்டுல உங்ககிட்ட சாவியை நீட்டினாங்க, ஒரு தடவையாவது கை நீட்டி வாங்கினீங்களா?"

வைத்தியர் ஐயா, மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடுங்கள். பதினோரு காரும் நல்ல கார்கள்தான். தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள், இரவல் வாங்கின காரில், ஒரு பள்ளிக்கூட வாசலில், பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டேன். யார் மேலும் படவில்லை. ஆனால் ஒரு அம்மா தன் குழந்தையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் கார் சாவியைத் தொட்டதில்லை. இதை இருபத்தாறு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கு வாசலில் நின்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். "தெரியும். தூக்கத்துல சொல்லியிருக்கீங்க. ஏறுங்க" என்றாள்.

ஆகையால் ஒரே ஒரு கேள்வி மட்டும். மனைவி கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவன், ஏதாவது குறை கண்ணில் பட்டால் சொல்லலாமா, கூடாதா? மலைப்பாதையில் முப்பத்தாறு வளைவுகள் இருக்கின்றன. நாளைக் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். தங்கள் பதில் வியாழக்கிழமைதான் வரும் என்பதால், அதுவரை வாயைத் திறக்காமலே வருகிறேன்.